ஓ-ரிங் கிட்டில் வராத சீல்

ஏர் ரைஃபிளைத் திறந்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் அறிவுரை இது: "திறந்ததுதான் திறந்தாச்சு, எல்லா சீலையும் ஒரேயடியா மாத்திடுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சீல் என்றால் பெரும்பாலும் ஓ-ரிங், காற்றைத் தடுக்கும் ரப்பர் வளையம்; மலிவு. ரைஃபிளைக் கழற்றி மாட்டுவதுதான் வேலை. கிட் வாங்கினால் எல்லா அளவும் ஒரே பையில் வந்துவிடும். நானும் பலருக்கு இதற்குத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் ரெகுலேட்டர் (சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் தரும் பாகம்) உள்ள பி.சி.பி., அதாவது முன்பே நிரப்பிய அழுத்தக் காற்றில் சுடும் ரைஃபிள், என்று வரும்போது இந்த அறிவுரை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியாமல் ரொம்ப நாள் சும்மா இருந்தேன். ஒரு நண்பரின் ரைஃபிள் மேசைக்கு வந்த பிறகுதான் அதைச் சொல்ல வார்த்தை கிடைத்தது.

அவருடைய புகார் பழக்கமானதுதான். இரவு முழுக்கச் சும்மா வைத்துவிட்டுக் காலையில் சுட்டால் முதல் பெல்லட் கீழே போகிறது. குரோனோகிராஃபில் பார்த்தால் முதல் ஷாட் நொடிக்கு 845 அடி, அடுத்ததிலிருந்து 860-ஐ ஒட்டியே. சரி, சீல் போயிருக்கும் என்று முழு கிட் ஒன்றை வாங்கி, இருந்த ஓ-ரிங் அத்தனையையும் மாற்றியிருக்கிறார். அதுவும் சாதாரண நைட்ரைல் ரப்பர் இல்லை, 90 ஷோர் பாலியூரித்தேன் (ஷோர் என்பது கடினத்தின் அளவு). "அப்கிரேடு" என்று எழுதிய பை. மாட்டிப் பார்த்தால் காலை முதல் ஷாட் அப்படியேதான் இருக்கிறது. முன்பு 860-ஐச் சுற்றி நாலைந்து அடிக்குள் நின்ற மற்ற ஷாட்டுகளும் இப்போது 848-க்கும் 872-க்கும் நடுவே அலைகின்றன. "எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் மாத்திட்டேங்க, இப்ப ரெண்டு பிரச்சினை ஆயிடுச்சு" என்றார். பழைய ரிங்குகளைக் கேட்டேன். குப்பையில் போட்டாகிவிட்டதாம்.

என் உறுத்தல் எல்லாம் அந்தக் குப்பைத் தொட்டியில்தான் இருந்தது. எந்த ரிங் எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது, எது தட்டையாகிப் போயிருந்தது, எதில் வெட்டு இருந்தது என்ற தகவல் எல்லாம் அதோடு போய்விட்டது. எல்லா சீலையும் ஒன்றாக மாற்றுவது வைத்தியம் போலத் தெரிந்தாலும், பல சமயம் அது தடயத்தை அழிக்கிற வேலை.

காற்று எங்கே போகிறது

ரெகுலேட்டர் ரைஃபிளில் ஒவ்வொரு சீலும் கெட்டால் காற்று ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத்தான் போகும். இதை முதலில் மனதில் வரைந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குழல் முனையில் மெல்லிய பலூனையோ, சோப்புத் தண்ணீர்ப் படலத்தையோ வைத்தால் அது உப்புகிறதா? அப்படியானால் மெயின் வால்வின் பாப்பெட் (அதன் மூடி) சரியாக உட்காரவில்லை. நிரப்பும் துவாரத்தில் குமிழி வந்தால் அங்குள்ள ஒருவழி வால்வு. கேஜைச் சுற்றி வந்தால் கேஜின் சீல். பெல்லட் ஏறும் பிரீச்சின் ஓ-ரிங்கும், வால்விலிருந்து குழலுக்குக் காற்று போகும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் ரிங்கும் ஷாட் வெடிக்கிற அந்தக் கணத்தில் மட்டும்தான் அழுத்தத்தைப் பார்க்கின்றன. ஆகவே கேஜ் இரவில் இறங்கினால் அவற்றின் மேல் பழி போட முடியாது. அவை கெட்டால் வேகம் குறையும், கன்னத்தில் காற்று அடிக்கும், அவ்வளவுதான்.

சுவாரசியமானது வென்ட் துளை. ரெகுலேட்டருக்குள் பெல்வில் வாஷர்கள் (ஸ்பிரிங் போல அமுங்கும் கூம்புத் தகடுகள்) அடுக்கியிருக்கும் அறை வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். பிஸ்டனின் ஒரு பக்கம் பிளீனம் (ரெகுலேட்டர் குறைத்துத் தரும் காற்று ஷாட்டுக்காகக் காத்திருக்கும் அறை) அழுத்தம், மறுபக்கம் வாஷர்களின் எதிர்ப்பு, இந்த இரண்டின் சண்டையில்தான் செட் பாயிண்ட், அதாவது பிளீனம் நிற்க வேண்டிய அழுத்தம், தீர்மானமாகிறது. அந்த அறை வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கத்தான் குழாயில் ஊசித் துளை ஒன்று விட்டிருக்கிறார்கள். குழாய்க்குள் போகும் பெரும்பாலான ரெகுலேட்டர்களில் உடலின் வெளிப்புறத்தில் உயர் அழுத்தப் பக்கம் ஒரு ரிங், தாழ் அழுத்தப் பக்கம் ஒரு ரிங் இருக்கும். வென்ட் இரண்டுக்கும் நடுவே. பிஸ்டனின் பெரிய தலை ரிங்கும் சிறிய தண்டு ரிங்கும் அந்த அறையைத்தான் இருபுறமும் காக்கின்றன. ஆக, ரெகுலேட்டரில் இருக்கும் எந்த ஓ-ரிங் கசிந்தாலும் காற்று வென்ட் வழியாக வெளியே வரும். அந்தத் துளையில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்தால் தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். வென்ட்டில் குமிழி இல்லை, ஆனால் பிளீனம் அழுத்தம் மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால் குற்றவாளி எந்த ஓ-ரிங்கும் அல்ல. உயர் அழுத்தத்துக்கும் தாழ் அழுத்தத்துக்கும் நேரடி எல்லையாக இருப்பது ஒரே ஒரு இடம்தான்: பிஸ்டனின் மெல்லிய உதடு போய் அமரும் சீட். அது கசிந்தால் வெளியே ஒரு பொட்டுக் காற்றும் போகாது. சிலிண்டரிலிருந்து பிளீனத்துக்குப் போகும். இதைத்தான் கிரீப் என்கிறோம். 130 பாரில் நிற்க வேண்டிய பிளீனம் காலையில் 150-ஐத் தொட்டிருக்கும். அந்த 150-ஐ எதிர்த்து ஹேமரால் (வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் பாகம்) வால்வைச் சரியாகத் திறக்க முடியாது, முதல் ஷாட் கீழே போகும். ஹேமருக்குத் தாராளமாக ஸ்பிரிங் கொடுத்து டியூன் செய்த ரைஃபிளில் இதே கிரீப் முதல் ஷாட்டை மேலே தூக்கும். அறிகுறி எதிரெதிராக இருப்பதால்தான் குழப்பம். நோய் ஒன்றுதான்.

சிலர் வென்ட்டில் கசிவைப் பார்த்துவிட்டு அந்தத் துளையைப் பசை போட்டு அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கசிந்த காற்று வாஷர் அறைக்குள் சேர்ந்து, வாஷர்களோடு சேர்ந்து பிஸ்டனைத் திறக்கும் பக்கம் தள்ள ஆரம்பிக்கும். வெளியீட்டு அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்தத் துளை ஒரு அடையாளக் கதவு, அதைப் பூட்டினால் ரெகுலேட்டர் இருந்தும் இல்லாத மாதிரி.

கேஜைப் படிக்கும்போது வெப்பநிலையையும் கணக்கில் வைக்க வேண்டும். 30 டிகிரியில் 200 பார் காட்டும் சிலிண்டர் 20 டிகிரிக்கு இறங்கினால் ஒரு துளிக் காற்றும் போகாமலே 193 பாருக்கு வந்துவிடும். வேகமாக நிரப்பிய உடனே பார்க்கும் எண்ணும் அப்படித்தான், சூடு ஆறியதும் இறங்கும். பிளீனம் 20 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் 130 என்பது 134 ஆகும். இரண்டு கேஜும் ஒரே விகிதத்தில் ஏறினால் அது பருவம். வெப்பநிலை மாறாமலே முள் நகர்ந்தால்தான் சீல். சின்ன கேஜ்களின் துல்லியத்தை நம்பிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. சிலிண்டரைக் காலி செய்து அதன் கேஜ் பூஜ்யம் காட்டினாலும், ரெகுலேட்டர் மூடியபடி பிளீனத்தில் 130 பார் அப்படியே சிறைப்பட்டிருக்கலாம். சில ரைஃபிள்களில் இரண்டு பக்கத்துக்கும் காற்றை இறக்கும் தனித்தனி டிகேஸ் திருகு உண்டு. இல்லாதவற்றில் பெல்லட் இல்லாமல், பாதுகாப்பான திசையில், சத்தம் முழுக்க அடங்கும்வரை வெறும் ஷாட் அடித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் வெறுமை என்று உறுதியாகாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

அந்த வெள்ளைத் துண்டு

நண்பரின் ரைஃபிளுக்கு வருவோம். வென்ட்டில் குமிழி இல்லை. சிலிண்டர் கேஜ் நின்ற இடத்தில் நிற்கிறது. பிளீனம் கேஜ் மட்டும் மணிக்கு மணி ஊர்கிறது. ரெகுலேட்டரை வெளியே எடுத்து, செட் திருகின் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு பிரித்தோம். சீட் என்பது ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறிய டெல்ரின் (கடினமான பிளாஸ்டிக்) வட்டு. மங்கிய வெள்ளை. வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் லூப்பில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. பிஸ்டன் உதடு பதிந்த வட்டத் தடம் அழகாக, ஒரே ஆழத்தில் ஓடி வருகிறது; ஒரு இடத்தில் மட்டும் அதன் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு கீறல். கீறலின் ஒரு முனையில் வெள்ளிப் பொட்டு போல ஒன்று மினுங்கியது. மரக்குச்சி முனையால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியத் துகள். நிரப்பும் பக்கத்து மரையிலிருந்து உதிர்ந்து, காற்றோடு பயணம் செய்து, சரியாக மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நண்பர் லூப்பை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதையும் மாத்தணுமா? இது கிட்லயே வரலையேங்க!"

வராதுதான். அது ஓ-ரிங் அல்ல, அதனால் ஓ-ரிங் கிட்டில் இல்லை. ஆனால் அந்த ரைஃபிளில் கெட்டிருந்த ஒரே சீல் அதுதான். நல்ல நிலையில் இருந்த ஒரு டஜன் ரிங்குகள் குப்பைக்குப் போய், கெட்டது மட்டும் பத்திரமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

வட்டைத் திருப்பிப் பார்த்தோம். மறுபக்கம் கன்னி கழியாமல் இருந்தது. இத்தகைய தட்டை வட்டுகளில் பலவற்றை இரு பக்கமும் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கண்ணாடித் தகட்டின் மேல் 2000 எண் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டு, எட்டு போட்டபடி மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். ஆனால் தேய்த்தால் வட்டு மெலியும். பிஸ்டன் மூடுவதற்கு அந்த அளவு கூடுதலாகப் பயணிக்க வேண்டும். வாஷர்கள் அந்த அளவு கூடுதலாக அமுங்கும். செட் பாயிண்ட் மேலே போகும். தேய்த்துவிட்டுப் பழைய குறிக்கே திருகை வைத்து, அழுத்தம் ஏன் ஏறியது என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. பிஸ்டன் உதட்டை மட்டும் தேய்க்கவே கூடாது. நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்து, எங்காவது மாட்டினால் பிஸ்டனை மாற்றுவதே வழி.

பள்ளம் சொல்வதைக் கேட்பது

இரண்டாவது பிரச்சினை இன்னும் இருந்தது: 24 அடி அகலத்துக்கு அலையும் வேகம். இது கிட் கொண்டுவந்த நோய். பிஸ்டன் தலையின் பள்ளத்தை அளந்தோம். குழாயின் உள்விட்டத்திலிருந்து பள்ளத்தின் அடிவிட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் ரிங்குக்குக் கிடைக்கும் உயரம் 1.45 மி.மீ. அகலம் 2.4. இது 1.78 மி.மீ. தடிமன் உள்ள ரிங்குக்கான பள்ளம். அங்குல அடிப்படையிலான ஏ.எஸ்.568 என்ற ஓ-ரிங் அளவு வரிசையில் மிகச் சிறிய குடும்பம் அந்த 1.78 தான். கிட்டில் இருந்ததோ மெட்ரிக் 2 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1.78 அந்தப் பள்ளத்தில் 18 சதவீதம் சொச்சம் அமுங்கும். நகரும் பாகத்துக்கு 10-லிருந்து 20 வரை என்பது பொதுக் கணக்கு, ஆக அது சரி. 2 மி.மீ. ரிங் 27 சதவீதத்துக்கு மேல் அமுங்கும். பள்ளத்தின் கொள்ளளவில் 71 சதவீதம் நிரம்ப வேண்டிய இடத்தில் 90 நிரம்பியிருக்கிறது. ரப்பர் அமுங்கினால் சுருங்காது, பக்கவாட்டில் நகரும்; நகர இடம் வேண்டும். 1930-களின் இறுதியில் நீல்ஸ் கிறிஸ்டென்சன் ஓ-ரிங்குக்குக் காப்புரிமை வாங்கியபோதும், ரிங்கும் அது உட்காரும் பள்ளமும் சேர்ந்த ஜோடியாகத்தான் அதைப் பதிவு செய்தார்.

இங்கேதான் "கடினமானது உயர்ந்தது" என்ற நம்பிக்கை வந்து இடிக்கிறது. 14 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் தலையின் மேல் 130 பார் என்பது சுமார் 2000 நியூட்டன், கிட்டத்தட்ட 200 கிலோ எடை. பெரிய எண்தான். ஆனால் 1 பாருக்கு என்று பார்த்தால் ஒன்றரை கிலோ சொச்சம். இறுக்கமான, கடினமான ரிங் பிஸ்டனின் உராய்வை மூன்று கிலோ கூட்டினால், திறக்கும்போது இரண்டு பார் இந்தப் பக்கம், மூடும்போது இரண்டு பார் அந்தப் பக்கம் என்று ரெகுலேட்டர் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். சீல் பிரமாதமாக இருக்கிறது, ஒரு பொட்டுக் காற்று கசியாது. ரெகுலேட்டர்தான் வேலை செய்யாது.

ஆகவே பொருளையும் கடினத்தையும் இடம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலிண்டர் மூடி போன்ற அசையாத உயர் அழுத்த இடங்களில் 90 ஷோர் நைட்ரைல் அருமையாக உழைக்கும். அழுத்தம் ரிங்கைப் பள்ளத்தின் ஓரத்து இடைவெளிக்குள் பிதுக்கப் பார்க்கும், மென்மையான 70 அங்கே ஓரம் கடிபட்டுப் போகும். இடைவெளி கூடுதலாக இருந்தால் பின்னால் ஒரு டெஃப்ளான் பேக்கப் ரிங் போடுவது அதற்குத்தான். பிஸ்டனில் தயாரிப்பாளர் 70 போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், விட்டுவிடுங்கள். பெல்லட்டைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டின் முனையில் உள்ள ரிங் ஒவ்வொரு முறையும் போர்ட் விளிம்பை உரசிக்கொண்டு போவதால் அங்கே பாலியூரித்தேன் நிஜமாகவே நீண்ட நாள் வரும். ஆனால் பாலியூரித்தேனுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஆகாது, வருஷங்களில் பிசுபிசுத்து உதிரும். வைட்டான் என்ற ரப்பர் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அசையாது, குளிரில் விறைத்துவிடும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடத்தைக் கவிழ்த்த குளிர்ந்த ஓ-ரிங் அந்தக் குடும்பம்தான். நம் ரைஃபிளில் வைட்டானின் திறமைக்குப் பெரிய வேலை இல்லை. இ.பி.டி.எம். என்ற இன்னொரு ரப்பர் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். அந்த கிரீஸே உயர் அழுத்தக் காற்றுக்குள் போகக் கூடாது, நிரப்பும் வேகத்தில் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சிலிகான் கிரீஸ், அதுவும் மெல்லியதாக. நிறத்தைப் பார்த்து ரப்பரின் ஜாதி சொல்பவர்களை நம்ப வேண்டாம், கறுப்பு எதுவாகவும் இருக்கலாம்.

பழைய ரிங்கை அளந்து புதியது வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல வருஷம் அமுங்கிக் கிடந்த ரிங் தட்டையாகியிருக்கும், அளந்தால் குறைவாகக் காட்டும். 250 பாரை ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் கழற்றினால் நேர்மாறு நடக்கும். ரப்பருக்குள் ஊறியிருந்த காற்று விரிந்து ரிங் உப்பலாக வரும், சில சமயம் கொப்புளமும் வெடிப்பும் இருக்கும். சில மணி நேரம் மேசையில் கிடந்தால் தானாகவே வடியும். அதனால்தான் காற்றை மெதுவாக இறக்கச் சொல்கிறார்கள். அளக்க வேண்டியது பள்ளத்தை. பள்ளம் உப்புவதும் இல்லை, வடிவதும் இல்லை.

சரியான அளவில், 70 ஷோர் நைட்ரைலை பிஸ்டனில் போட்டு, சீட்டைத் திருப்பிவைத்து, ரெகுலேட்டரைக் குழாய்க்குள் தள்ளும்போதுதான் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. கேஜ் துளையின் உள்விளிம்பில் பிறை வடிவில் ஒரு கறுப்புச் சீவல். கிட் ரிங்கில் ஒன்று உள்ளே போகும்போதே அங்கே சீவப்பட்டிருக்கிறது. ரிங் துளையைக் கடக்கும்போது அமுங்கியிருப்பதால் துளைக்குள் பிதுங்கி நிற்கும், அந்த நேரம் தள்ளினால் விளிம்பு அதை நறுக்கிவிடும். துளை வழியாக மழுங்கிய மரக்குச்சியால் ரிங்கை உள்ளே அமுக்கிப் பிடித்தபடி மெல்லச் சுழற்றித் தள்ள வேண்டும். மரை வழியாகப் போகும் ரிங்குக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி மரையை மறைப்பது போதும். பழைய ரிங்கை எடுக்க இரும்பு ஊசியைவிடப் பித்தளையோ பிளாஸ்டிக்கோ நல்லது, பள்ளத்தின் அடியில் விழும் கீறலை எந்த ரிங்கும் அடைக்காது.

மாட்டியதும் உடனே தீர்ப்பு சொல்லவும் கூடாது. புதிய சீட் முகத்தில் பிஸ்டன் உதடு தன் தடத்தைப் பதிக்கும்வரை கொஞ்சம் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும், ஷாட்டுகள் போகப் போக அடங்கும். நண்பருக்கு அன்றைக்கே திருகைத் தொட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. தொடாமல் இருக்கச் சொல்லி அனுப்பினேன். பிறகு அவர் சொன்ன எண்கள்: பிளீனம் இரவு 131 பார், காலை 133, முதல் ஷாட் மற்றவற்றோடு சேர்ந்தே விழுகிறது. நிரப்பும் பக்கம் சின்டர் பித்தளை வடிகட்டி ஒன்றும் போட்டுவிட்டார். அது இல்லாவிட்டால் சீட்டின் இந்த முகத்துக்கும் அதே கதிதான்.

ஆனாலும் அவர் முழுக்க என் கட்சிக்கு வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லா ரிங்கையும் மாற்றுவதில் என்ன தப்பு என்று இன்னமும் கேட்கிறார். ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். கைமாறி வந்த, வயசு தெரியாத, அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கிய ரைஃபிள் என்றால் நைட்ரைல் எல்லாவற்றையும் மாற்றுவதே சரி, ஓசோனும் வெளிச்சமும் அதைச் சும்மா விட்டிருக்காது. (உதிரி ரிங்குகளைக் கம்ப்ரசர் மோட்டார் ஓடும் அறையிலேயே திறந்து வைப்பவர்களும் கவனிக்க, மோட்டார் பொறியில் ஓசோன் உண்டு.) ஆனால் அப்போதும் முதலில் நிரப்பி, ஓர் இரவு வைத்து, இரண்டு கேஜையும் வென்ட்டையும் எழுதிக்கொண்ட பிறகு. கழற்றும் ஒவ்வொரு ரிங்கும் எந்தப் பள்ளத்தது என்று குறித்த தனித்தனிக் கவரில் போட்ட பிறகு. கூடவே கிட் வாங்கும்போது அதோடு தனியாக ரெகுலேட்டர் சீட் ஒன்றும் வாங்கிக்கொண்டு.